மெதுவான கம்பியில் ஒரு கலையகம்

'இணையம் மெதுவாக இருக்கிறது' என்று சொல்லும்போது நாம் இரண்டு வெவ்வேறு நோய்களை ஒரே பெயரில் அழைக்கிறோம். ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் நெடுஞ்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். தடங்கள் குறைவாக இருந்தால் நெரிசல் வரும். அது ஒரு வகைத் தாமதம். பத்துத் தடம் போட்டு, உங்கள் கார் மட்டுமே ஓடினாலும் போய்ச் சேர மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகத்தான் செய்யும். அது இன்னொரு வகை. முதல் நோய்க்குச் சாலையை அகலப்படுத்தலாம். இரண்டாவதற்கு அந்த மருந்து வேலை செய்யாது.

வானொலி அறிவிப்பாளரான எனக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டிய அவசியம் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் வரை வந்ததில்லை. ஊடகத்துறையில் பட்டம் படித்தவள் நான். குரலை எப்படிக் கையாள்வது, நேரத்தை எப்படி வெட்டுவது, நேயரை எப்படிப் பிடித்து வைப்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். கம்பிக்குள் என்ன நடக்கிறது என்பது பொறியாளர்களின் பாடு என்றிருந்தோம்.

அந்த ஆண்டு மார்ச் 16ஆம் தேதி இரவு மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டு, 18ஆம் தேதி நடப்புக்கு வந்தபோது நான் குளுவாங் மாவட்டத்தில், லாயாங்-லாயாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தேன். குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டியைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால், தானாக எழுந்து நடக்க முடியாது. ஊடகம் அத்தியாவசியச் சேவை என்பதால் கடிதம் காட்டி நான் வேலைக்குத் திரும்பியிருக்கலாம். பாட்டியை யாரிடம் விட்டுவிட்டு வருவது? பக்கத்து ஊரிலிருந்து சித்தி வரவும் வழியில்லை. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் போகக்கூடாது என்ற விதியும் சேர்ந்துகொண்டது.

எங்கள் நிலையத்தில் ஆள் குறைவு. என் மாலை நேர வாழ்த்து நிகழ்ச்சியை நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால், அந்த வாரங்களில் வந்த குறுஞ்செய்திகளைப் பார்த்தவர் எவருக்கும் நிறுத்த மனம் வராது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஜொகூர்க்காரர்கள் பலர் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள். கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அன்றாடம் லட்சக்கணக்கானோர் கடந்து போன அந்தத் தூரத்தை ஒரு அப்பா கடந்து வந்து பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட முடியவில்லை. "மகளுக்கு நாளைக்கு ஏழு வயசு. என் பேர் சொல்லி ஒரு பாட்டு போடுங்கக்கா" என்று அனுப்புவார்கள். நிகழ்ச்சியை நிறுத்துவது என்றால் இவர்களிடம் போய் என்ன சொல்வது?

குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பிவிடலாம். சிக்கல் மற்றதில் இருந்தது. பாடல்களையும் விளம்பரங்களையும் என் பேச்சையும் வரிசைப்படுத்தி ஒலிபரப்பும் மென்பொருள் ஜொகூர் பாரு கலையகத்துக் கணினியில் இருக்கிறது. அந்தக் கணினியின் திரையை என் மடிக்கணினிக்கு இழுத்து, இங்கிருந்து இயக்க வேண்டும். அலுவலகத் தம்பி எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தான். பாட்டி வீட்டில் கம்பி இணையம் கிடையாது. நாலாபக்கமும் செம்பனை. பின்வாசல் படிக்கட்டில் உட்கார்ந்தால் கைப்பேசியில் இரண்டு கோடு தெரியும்.

திரை வந்தது, தவணை முறையில். மேல் பாதியில் இன்றைய பட்டியல், கீழ்ப் பாதியில் நேற்றையது. சுட்டியை ஒரு பாடலின் மேல் வைத்தால் அது போய்ச் சேர்வதற்குள் பட்டியல் நகர்ந்துவிடும். ஐந்து நிமிட வேலை ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இரண்டு நாளில் மாதத்துக்கான தரவும் தீர்ந்துபோகும் நிலை.

ஸ்கூடாயில் இருக்கும் என் தாய்மாமாவைக் கூப்பிட்டேன். கணினித் துறையில் முப்பது ஆண்டு இருந்தவர். முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீ இப்ப படுற பாட்டை நாங்க தொண்ணூத்தஞ்சுலயே பட்டாச்சும்மா. தொலைபேசி கம்பியில திரையையே இழுத்தோம்."

"முடிஞ்சுதா மாமா?"

"முடிஞ்சுது. ஆனா திரையை இழுக்கறத நிறுத்தின பிறகுதான் முடிஞ்சுது."

இந்தப் பதிலின் பொருள் புரிய எனக்கு மூன்று இரவுகளும் அவருடைய பொறுமையும் தேவைப்பட்டன.

ஒற்றை வரிசையில் எறும்புகள்

மாமா அப்போது மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஸ்கூடாய் வளாகத்தில் மாணவர். தாமான் யுனிவர்சிட்டியில் நண்பர்களோடு வாடகை வீடு. ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் கணினிகள். அவற்றில் 'எக்ஸ் விண்டோ சிஸ்டம்' என்ற ஏற்பாடு இருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1984இல் பாப் ஷைஃப்லர் தொடங்கியது அது. 1987இல் வெளிவந்த அதன் பதினோராவது பதிப்பின் வழிவந்ததுதான் இன்றும் பல லினக்ஸ் கணினிகளில் ஓடுகிறது. நிரல் ஓரிடத்தில் ஓடும், அதன் சாளரம் வேறொரு கணினியில் தெரியும் என்பது அதன் பிறவிக் குணம்.

ஆனால், அது பிறந்து வளர்ந்த இடம் வினாடிக்கு ஒரு கோடி பிட் ஓடும் வளாகக் கம்பி. வாடகை வீட்டில் மாமாவிடம் இருந்த மோடத்தின் வேகம் வினாடிக்கு 14,400 பிட். கிட்டத்தட்ட 700 மடங்கு குறைவு. இதைத்தான் தொடர் இணைப்பு என்பார்கள். ஒரே கம்பியில் பிட்டுகள் எறும்பு வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அன்றைய 256 வண்ணத் திரை ஒன்றை, குறுக்கே 1024 புள்ளியும் நெடுக்கே 768 புள்ளியுமாக, அப்படியே அனுப்பினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு திரைக்கு ஏழு நிமிடத்துக்கு மேல்.

நாட்டின் நிலைமையே அன்று அப்படித்தான். மிமோஸ் நிறுவனத்தார் 1987இல் ராங்கோம் என்ற பெயரில் தொலைபேசிவழிக் கணினி வலையமைப்பைத் தொடங்கினார்கள். 1992இல் அது ஜாரிங் ஆகி, அமெரிக்காவோடு செயற்கைக்கோள்வழி இணைந்தது. அந்த முதல் இணைப்பின் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட். இன்று கைப்பேசியில் சுமாரான தரத்தில் ஒரு பாட்டுக் கேட்க 128 கிலோபிட் வேண்டும். முழு மலேசியாவும் பகிர்ந்துகொண்ட குழாயில் இன்று பாதிப் பாட்டுதான் போகும் என்று நினைத்தால் ஒரு வானொலிக்காரிக்கு மூச்சு முட்டுகிறது.

அப்படியிருந்தும் மாமா போன்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? முதல் உதவி எக்ஸ் விண்டோவின் வடிவமைப்பிலேயே இருந்தது. அது பெரும்பாலும் படத்தை அனுப்புவதில்லை. 'இங்கிருந்து அங்கே ஒரு கோடு போடு', 'இந்த இடத்தில் இந்த எழுத்தை எழுது' என்று கட்டளைகளை அனுப்பும். கோட்டைப் போடுவது உங்கள் மேசையில் இருக்கும் கணினிதான். கோலம் போட்டுப் படம் எடுத்து அனுப்புவதற்கும், 'ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி' என்று தொலைபேசியில் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம். சொல்வதைக் கேட்டு இந்தப் பக்கம் கோலம் தயாராகிவிடும்.

உறையும் மொய்யும்

கட்டளையாக அனுப்பினாலும் வீண் சுமை நிறைய. இணையத்தில் போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அனுப்புநர், பெறுநர், வரிசை எண் என்று நாற்பது பைட்டு முகவரித் தாள் ஒட்டப்படுகிறது. ஒரே ஓர் எழுத்தைத் தட்டினாலும் அதே நாற்பது. ஒரு வெள்ளி மொய்க்கு நாற்பது வெள்ளியில் உறை வாங்கிய கதை. வேன் ஜேக்கப்சன் என்ற அறிஞர் 1990இல் இதற்கு வழி சொன்னார். இரண்டு முனையிலும் இருப்பவர்கள் பழைய தாளை நினைவில் வைத்துக்கொண்டால், மாறியதை மட்டும் எழுதினால் போதுமே? நாற்பது பைட்டு மூன்று முதல் ஐந்து பைட்டாகச் சுருங்கியது.

உறைக்குச் செய்ததை உள்ளே இருக்கும் சரக்குக்கும் செய்யலாம் அல்லவா? சுட்டியை அசைத்தால் எக்ஸ் விண்டோ அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் 32 பைட்டு. அடுத்தடுத்த இரண்டு செய்திகளை ஒப்பிட்டால் நேரமும் இடமும்தான் சற்று மாறியிருக்கும். மற்றதெல்லாம் அச்சு அசல். மாறியதை மட்டும் அனுப்பும் 'டிஎக்ஸ்பிசி' என்ற சிறு நிரலை 1995இல் பிரையன் பேன் எழுதினார். இரு முனையிலும் ஒவ்வொரு காவல்காரரை நிறுத்தி, முன்பு போனதை இருவரும் நினைவில் வைத்திருந்து, வித்தியாசத்தை மட்டும் கடத்தும் வேலை.

மாமா இதைச் சொன்னபோது எனக்குச் சட்டென்று புரிந்தது. நம் வீடுகளில் எல்லாரும் செய்ததுதான் இது. ஜொகூர் பாருவுக்குப் பேருந்து ஏறும்போது அம்மா சொல்வார்: "போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு." ஒரு மணி அடித்தால் சேர்ந்துவிட்டேன், இரண்டு மணி அடித்தால் நீங்கள் கூப்பிடுங்கள். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதால் காசே செலவாகாமல் சேதி போய்ச் சேரும். கம்பியில் ஓடும் சேதி சிறுத்ததற்குக் காரணம், இரண்டு பக்கமும் இருந்த நினைவு.

கேட்டுக் கேட்டுத் தேயும் நேரம்

இவ்வளவு சுருக்கியும் சில நிரல்கள் திறக்க அரை நிமிடம் ஆனதாம். இங்கேதான் இரண்டாவது நோய் வருகிறது.

ஒரு நிரல் திறக்கும்போது திரையிடம் கேள்வி கேட்கும். உன் அகலம் என்ன? எத்தனை வண்ணம்? இந்த எழுத்துரு இருக்கிறதா? ஒரு கேள்விக்குப் பதில் வந்த பிறகே அடுத்த கேள்வி. மோடம் வழியே ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பக் கால் வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கேள்வி கேட்டால் 25 வினாடி. ஒவ்வொரு கேள்வியையும் எவ்வளவு சுருக்கினாலும் அந்த 25 வினாடி குறையாது.

எக்ஸ் விண்டோவைப் பராமரித்தவர்கள் மெதுவான இணைப்புக்கென்றே 'எல்பிஎக்ஸ்' என்ற ஏற்பாட்டை உருவாக்கி 1996இல் வெளியிட்டார்கள். பிற்பாடு கீத் பாக்கர்ட் அதை ஆராய்ந்து, எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அதன் உருவாக்கத்தில் பங்கு பெற்றவரே அவர். நிரல்கள் கேட்கும் கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் சுருக்குவதில் மட்டும் கவனம் வைத்தால் போதாது என்பது அதில் கிடைத்த பாடம். இத்தாலியின் நோமெஷின் நிறுவனத்தார் பிரையன் பேனின் நிரலை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, 2003 வாக்கில் வேறு வழி கண்டார்கள். நிரல் ஓடும் இடத்திலேயே ஒரு முகவரை உட்கார வைத்தார்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு அவரே அங்கேயே பதில் சொல்லிவிடுவார். கல்யாணத் தரகர் மாதிரிதான். பெண் என்ன படிப்பு, என்ன உயரம், எந்த ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் பெண் வீட்டுக்கு நடந்து போய்க் கேட்டு வந்தால் கல்யாணம் எப்போது நடப்பது? கையில் குறிப்பு இருக்கிறது, அங்கேயே சொல்லிவிடுகிறார்.

மாமா என் இணைப்பைச் சோதிக்கச் சொன்னார். படிக்கட்டிலிருந்து கலையகத்துக்கு ஒரு சிறு கேள்வி போய் வர முக்கால் வினாடி, சில நேரம் ஒரு வினாடிக்கும் மேல். "உனக்கு ரெண்டு நோயும் இருக்கும்மா" என்றார்.

பின்வாசல் படிக்கட்டிலிருந்து

முதல் நாள் சின்ன வைத்தியம். கலையகக் கணினியின் பின்னணிப் படத்தை எடுத்தோம், வண்ணங்களைக் குறைத்தோம். சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் இயக்கினேன். ஒன்றரை மணி நேரம் நாற்பது நிமிடமானது.

இரண்டாம் நாள் மாமா ஒரு கேள்வி கேட்டார்: "உனக்கு அந்தத் திரை எதுக்கு?"

யோசித்துப் பார்த்தால் எனக்குத் திரையே தேவையில்லை. எந்தப் பாட்டுக்குப் பின் எது என்ற வரிசைதான் தேவை. அந்த மென்பொருள் நிகழ்ச்சிப் பட்டியலைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் வாசிக்கும் என்று அலுவலகத் தம்பி கண்டுபிடித்தான். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கான பட்டியல் மொத்தமே மூவாயிரம் பைட்டு. இன்றைய பெரிய திரை ஒன்றைச் சுருக்காமல் எண்ணினால் அறுபது லட்சம் பைட்டைத் தாண்டும். படிக்கட்டில் உட்கார்ந்து பட்டியலைத் தட்டி அனுப்பினால் ஒரே கேள்வி, ஒரே பதில்: 'வந்து சேர்ந்தது.'

குரல் பதிவுகள்தான் பெரியவை. நிமிடத்துக்கு அரை மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும்படி தரத்தை அமைத்து, இணையத்தில் நெரிசல் குறையும் பின்னிரவில் அனுப்பினேன். பாட்டிக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை உதவி தேவைப்படும். அவரை எழுப்பி, கைத்தாங்கலாக அழைத்துப்போய், திரும்பப் படுக்க வைத்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டு பதிவு போயிருக்கும்.

பதினோரு வாரம் அந்த நிகழ்ச்சி ஒரு நாளும் தவறவில்லை. அக்கரை அப்பாக்களின் வாழ்த்துகள் இக்கரை வீடுகளின் வானொலியில் ஒலித்தன. ஒலிபரப்பின் வேறொரு பெருமையையும் அப்போதுதான் உணர்ந்தேன். ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் பண்பலைக்கு ஒரே அலைதான். நேயர் கூடினார் என்று கம்பி திணறாது. பாட்டியும் கேட்பார். பக்கத்து அறையில் இருக்கும் பேத்தி வானொலியிலும் பேசுவது எப்படி என்று மட்டும் கடைசிவரை அவருக்குச் சந்தேகம்.

தமிழும் இந்த வழியில்தான் வந்தது

எழுத்தாக அனுப்பினால் இலேசு, படமாக அனுப்பினால் பாரம் என்ற இந்தப் பாடத்தைத் தமிழர்கள் ஏற்கெனவே படித்திருக்கிறோம். தொண்ணூறுகளில் இணையத்தில் தமிழைக் காட்டப் பலர் எழுதிய பக்கத்தைப் படமாக்கித்தான் போட்டார்கள். எழுத்துரு எல்லாரிடமும் இல்லை, குறியீடும் ஆளுக்கொன்று. தமிழை எழுத்தாகவே அனுப்ப வழி செய்ததில் நம் மண்ணின் முத்து நெடுமாறனுக்கும் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமிக்கும் முக்கியப் பங்கு உண்டு. 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் இந்தக் குறியீட்டுச் சிக்கலைத்தான் கூடிப் பேசினார்கள். இன்று பாட்டியின் பழைய கைப்பேசிக்கும் தமிழ்க் குறுஞ்செய்தி ஒரு வினாடியில் வருகிறதென்றால், இரு முனையிலும் ஒரே குறியீட்டுப் பட்டியல் இருப்பதுதான் காரணம்.

மெதுவான கம்பி பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020 ஜூனில் சபாவைச் சேர்ந்த வெவோனா மொசிபின் என்ற மாணவி இணையத் தேர்வு எழுத மரத்தில் ஏறி அமர்ந்ததை நாடே பார்த்தது. அதே ஆண்டு அரசு ஜெண்டெலா திட்டத்தை அறிவித்தது. 2021 இறுதியில் மூன்றாம் தலைமுறைச் சேவையை நிறுத்தி, நான்காம் தலைமுறையை விரிவாக்கினார்கள். பாட்டி வீட்டிலும் இப்போது மூன்று கோடு.

தோட்டங்களாக இருந்த செடெனாக், கூலாய் பக்கம் இன்று போனால் செம்பனைக்கு நடுவே சன்னல் இல்லாத பிரம்மாண்டக் கட்டடங்கள் நிற்கின்றன. உலகத்துக்கே வேலை செய்யும் தரவு மையங்கள். எங்கோ இருப்பவர் தன் திரையில் பார்ப்பதை இங்கே இருக்கும் கணினி தயாரித்து அனுப்புகிறது. மாமா வாடகை வீட்டில் செய்த அதே வேலை, கோடி மடங்கு பெரிதாக. தொலைதூரக் கணினி நம் வாசலுக்கே வந்துவிட்டது. ஆனால், வாசலில் மையம் இருப்பதால் மட்டும் தோட்டத்து வீட்டின் இணைப்பு வேகமாகிவிடாது. அரசாங்க உதவிக்கு மனுச் செய்யும் பக்கம், மருத்துவமனை முன்பதிவு, பள்ளிப் பாடம் என எல்லாமே இன்று படங்களும் அசைவுகளும் நிறைந்த செயலிகளாக வருகின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் அவை பின்னால் எத்தனை முறை கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கின்றன என்பது நகரத்தில் உட்கார்ந்து எழுதுபவருக்குத் தெரியாது. அங்கே ஒரு கேள்விக்கு நூறில் ஒரு பங்கு வினாடிதான் ஆகிறது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அந்தச் செயலிகளை எழுதும் வேலையில் இருக்கிறார்கள். இதைப் படிப்பவர்களில் நிச்சயம் சிலர் இருப்பீர்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் செயலியை வீட்டுப் பெரியவரின் கைப்பேசியில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்துத் திறந்து பாருங்கள். திறக்கும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பத்தைத் தாண்டினால் மாமா என்னிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் அவருக்கு உண்மையிலேயே தேவைப்படுவது எது?